மாமல்லபுரம் பாறைக்குன்றை 2 மணி நேரத்தில் சுற்றி வருவது எப்படி? நேரம், வழி, கவனிக்க வேண்டியவை - முழு விவரம்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற பல குடும்பங்களின் பிளான் ஒரே மாதிரிதான் இருக்கும். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவது போல ஒரு போட்டோ, வறுத்த மீன், திரும்ப கார். ஊரின் நடுவே நீளமாகப் படுத்திருக்கும் அந்தப் பாறைக்குன்றின் மேல் ஏறிப் பார்க்க நேரமே இருக்காது.

ஏறுகிறவர்களிலும் சிலர் உச்சி வெயிலில், கையில் தண்ணீர் இல்லாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். "சின்ன மலைதானே" என்ற நினைப்புதான் காரணம். பாதி தூரத்திலேயே தலை சுற்றி, கடுப்போடு இறங்கிவிடுகிறார்கள்.

உண்மையில் இது தமிழ்நாட்டின் எளிதான பாறை நடைகளில் ஒன்று. தூரம் குறைவு, ஏற்றம் குறைவு, கிளம்பிய இடத்துக்கே சுற்றி வந்து சேரலாம். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்ற இரண்டை மட்டும் சரியாக முடிவு செய்தால், பத்து வயது பேரனும் அறுபது வயது தாத்தாவும் சேர்ந்தே நடந்து முடிக்கலாம். அதற்கான முழு வழிகாட்டி இதோ.

ஒரே பார்வையில்

- இடம்: மாமல்லபுரம், செங்கல்பட்டு மாவட்டம். சென்னையிலிருந்து கிழக்கு கடற்கரைச் சாலை வழியாக சுமார் 55 கி.மீ.
- நடை தூரம்: ஒரு முழுச் சுற்று சுமார் 2 கி.மீ.
- நேரம்: நின்று பார்த்து நடக்க 2 முதல் 2.5 மணி நேரம்.
- சிரமம்: எளிது. ஆனால் சில இடங்களில் செங்குத்தான பாறைப் படிகள் உண்டு, தடுப்புக் கம்பி இல்லாத பாறை விளிம்புகளும் உண்டு.
- திறப்பு: பொதுவாக காலை 6 முதல் மாலை 6 வரை.
- ஏற்ற மாதங்கள்: டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை.
- தவிர்க்க வேண்டிய நேரம்: காலை 10 முதல் மாலை 3.30 வரை. மழை பெய்யும்போதும், மழை விட்ட உடனேயும் வேண்டாம்.

இந்தக் குன்றில் அப்படி என்ன இருக்கிறது?

7, 8ஆம் நூற்றாண்டுகளில் பல்லவர்கள் இங்குள்ள பாறைகளைக் குடைந்தும் செதுக்கியும் உருவாக்கிய குடைவரைகள், ஒற்றைக்கல் கோயில்கள், பாறைச் சிற்பங்கள் ஆகியவை 1984ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றன. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோது அர்ஜுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என நடந்து பார்த்ததை நாடே டிவியில் பார்த்தது. 2021-22ல் இந்திய தொல்லியல் துறையின் கட்டணம் வசூலிக்கும் சின்னங்களில் வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வந்த இடம் மாமல்லபுரம்தான். அந்த ஆண்டு வந்தவர்கள் 1,44,984 பேர். தாஜ்மஹால் அதற்கு அடுத்த இடத்தில் இருந்தது.

கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் குன்றிலிருந்து தள்ளி, தனித்தனி வளாகங்களில் இருக்கின்றன. மற்ற முக்கியமான சின்னங்களில் பெரும்பாலானவை குன்றின் மேலும் அடிவாரத்திலும் பரவிக் கிடக்கின்றன. காரில் போய் ஒவ்வொன்றாக இறங்கிப் பார்க்க முடியாது. நடந்தால்தான் பார்க்க முடியும்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது?

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான். இங்கே பிரச்சனை தூரம் இல்லை, சூடு.

பாறை வெயிலை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். காலை 10 மணிக்கு மேல் தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே சூடேறிய கல் என இரண்டு பக்கமும் அடிக்கும். குன்றின் முதுகில் மரங்கள் குறைவு. ஒதுங்கினால் குடைவரை மண்டபங்களுக்குள்தான் ஒதுங்க வேண்டும். கடல் காற்று வீசுவதால் வியர்வை வெளியே தெரியாது. உடம்பில் நீர் குறைவதும் சட்டென்று தெரியாது.

காலை நடை: 6 முதல் 6.30க்குள் தொடங்கிவிட வேண்டும். மே மாதத்தில் 6 மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். ஜனவரியில் 6.30 தாண்டும். எப்படியிருந்தாலும் 8.30, 9 மணிக்குள் முடித்துவிட்டு டிபன் சாப்பிடப் போய்விடலாம்.

மாலை நடை: 3.30 மணிக்குத் தொடங்கலாம். டிசம்பரில் 5.45 மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும் என்பதால், அந்த மாதத்தில் 5.15க்குள் குன்றின் மேல்பகுதியை விட்டு இறங்கிவிடுவது நல்லது. இருட்டில் பாறையில் இறங்குவது ஆபத்து.

ஏப்ரல், மே மாதங்களில், குறிப்பாக கத்திரி வெயில் நாட்களில், மாலை 4 மணிக்குக்கூட பாறை கொதிக்கும். அப்போது காலை நடை மட்டுமே சரி. அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது?

குன்று வடக்கு தெற்காக நீண்டிருக்கிறது. ஊர் அதன் கிழக்கே, கடல் பக்கம் இருக்கிறது. வடக்கு முனையில் வெண்ணெய் உருண்டைப் பாறை, தெற்கு முனையில் கலங்கரை விளக்கம். கிழக்கு அடிவாரத்தில் சாலையோரமாக அர்ஜுனன் தபசு.

காலையில் போனால் அர்ஜுனன் தபசில் தொடங்கி வடக்கே நடந்து, குன்றின் மேல் ஏறி, மேலேயே தெற்கு நோக்கிப் போய், கலங்கரை விளக்கம் பக்கம் இறங்கி, சாலை வழியாகக் கிளம்பிய இடத்துக்கே வரலாம். இதில் இரண்டு லாபம். கிழக்கு பார்த்த அர்ஜுனன் தபசு சிற்பத்தின் மேல் காலை வெயில் நேராக விழும். நிழலே இல்லாத குன்றின் முதுகை வெயில் ஏறும் முன் கடந்துவிடலாம்.

மாலையில் இதையே தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிற்பகலில் கிழக்கு அடிவாரத்தில் குன்றின் நிழல் விழத் தொடங்கும். அதனால் அர்ஜுனன் தபசு, கிருஷ்ண மண்டபம் என்று கீழே இருப்பதை முதலில் பார்த்துவிட்டு, சூடு தணிந்த பிறகு தெற்கிலிருந்து மேலே ஏறி, வெண்ணெய் உருண்டைப் பாறையில் முடிக்கலாம்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். குன்றைச் சுற்றி வேலி போட்டு, சில இடங்களில் மட்டுமே கேட் வைத்திருக்கிறார்கள். எந்த கேட் திறந்திருக்கிறது, எதன் வழியாக வெளியே வரலாம் என்பதை நுழையும்போதே காவலரிடம் கேட்டுக்கொண்டால் வீண் நடை மிச்சம்.

வழியில் என்னென்ன? காலைச் சுற்று வரிசைப்படி

1. அர்ஜுனன் தபசு

அருகருகே இருக்கும் இரண்டு பெரிய பாறைகளின் முகத்தில் சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். நடுவில் இருப்பது இயற்கையான பிளவு. அதைச் சிற்பிகள் நதியாக்கி, அதற்குள் நாகர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒற்றைக்காலில் தவம் செய்பவர் பாசுபதம் வேண்டிய அர்ஜுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

குழந்தைகள் கூட வந்தால் ஒரு போட்டி வைக்கலாம். பின்னங்காலில் நின்று தவம் செய்வது போல நடிக்கும் பூனையையும், அதன் பக்கத்தில் இருக்கும் எலிகளையும் யார் முதலில் கண்டுபிடிப்பது? பெரிய யானைக்குப் பக்கத்தில் தேட வேண்டும்.

2. வெண்ணெய் உருண்டைப் பாறை

சுமார் 6 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம், எடை ஏறத்தாழ 250 டன். சரிவான பாறையில், இதோ உருண்டுவிடும் என்பது போல நிற்கிறது. 1908ல் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலி, ஆபத்து என்று பயந்து ஏழு யானைகளை வைத்து இழுக்க முயன்றதாகவும், பாறை அசையவில்லை என்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது.

காலை 9 மணிக்கு மேல் இங்கே கூட்டம் கூடிவிடும். சீக்கிரம் வந்தால் யார் தலையும் குறுக்கே வராமல் போட்டோ எடுக்கலாம். பாறையைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்க்க மறக்க வேண்டாம். முன்னால் உருண்டையாகத் தெரிவது பின்னால் பாதி உடைந்த பந்து போல இருக்கும்.

இங்குள்ள சரிவு, பல தலைமுறைக் குழந்தைகள் சறுக்கி விளையாடியதில் வழவழவென்று ஆகிவிட்டது. உலர்ந்த நேரத்தில் சறுக்குமரம். ஈரமான நேரத்தில் எலும்பு முறிவு.

3. திரிமூர்த்தி குடைவரை

வெண்ணெய் உருண்டைக்கு வடக்கே, கொஞ்சம் ஒதுக்குப்புறத்தில் இருக்கிறது. ஒரே பாறையில் மூன்று கருவறைகள். தெற்கு ஓரத்தில் எருமைத் தலையின் மேல் நிற்கும் கொற்றவை. போட்டோ கூட்டம் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. அமைதியாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்க நல்ல இடம்.

4. கணேச ரதம்

தெற்கே திரும்பினால் கணேச ரதம். ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய கோயில். முதலில் சிவனுக்காக உருவானது என்பதை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பிள்ளையார் பின்னால் வந்தவர்.

5. வராக மண்டபம்

சிறியது. ஆனால் இந்தச் சுற்றில் தவறவிடக் கூடாதது. பூமகளைத் தூக்கி நிற்கும் வராகர், யானைகள் நீராட்டும் கஜலட்சுமி, துர்க்கை, உலகளந்த திரிவிக்கிரமர் என நான்கு பெரிய புடைப்புச் சிற்பங்கள். மண்டபம் மேற்கு பார்த்தது என்பதால் காலையில் உள்ளே நிழலாக இருக்கும். மாலையில் போனால் வெளிச்சம் தூண்கள் வழியாக உள்ளே வரும்.

6. குன்றின் முதுகு: ராயர் கோபுரம், சிங்க ஆசனம்

இங்கிருந்து தெற்கே திறந்த பாறைவெளி. விஜயநகர காலத்தில் தொடங்கி முடிக்காமல் விட்ட ராயர் கோபுரம், மேல்பகுதி இல்லாமல் வெறும் நிலைத்தூண்களோடு நிற்கிறது. கொஞ்சம் தள்ளி தர்மராஜர் சிம்மாசனம் என்று ஊர் மக்கள் சொல்லும் சிங்க ஆசனமும், திரௌபதி குளியல் தொட்டி என்ற பெயரில் பாறையில் வெட்டிய ஒரு தொட்டியும் உண்டு. பஞ்சபாண்டவர் பெயர்கள் எல்லாம் பிற்காலத்தில் மக்கள் வைத்தவை.

நடையில் கவனம் அதிகம் தேவைப்படும் பகுதி இதுதான். சில இடங்களில் பாறை சட்டென்று முடிந்து கீழே இறங்கும், தடுப்பு இருக்காது. செல்ஃபி எடுக்கும்போது பின்னால் அடி எடுத்து வைக்க வேண்டாம். குழந்தையின் கையை விட வேண்டாம்.

7. மகிஷாசுரமர்த்தினி குடைவரை, ஓலக்கண்ணேஸ்வரர் கோயில்

தெற்கு முனைக்கு வந்தாயிற்று. குடைவரையின் ஒரு சுவரில் சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை வளைத்து வரும் துர்க்கை, எதிரே பின்வாங்கும் எருமைத்தலை அசுரன். எதிர்ச் சுவரில் ஆதிசேஷன் மேல் அமைதியாகத் துயிலும் திருமால். ஒரு பக்கம் முழுக்கப் போர், மறுபக்கம் முழுக்க உறக்கம். நடுவில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும்.

அதற்கு நேர் மேலே, பாறை உச்சியில், கற்களை அடுக்கிக் கட்டிய ஓலக்கண்ணேஸ்வரர் கோயில். பக்கத்தில் இப்போதுள்ள கலங்கரை விளக்கம் வருவதற்கு முன், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கோயிலின் மேல்தளத்தில்தான் கப்பல்களுக்கு விளக்கு ஏற்றினார்கள். படிகள் செங்குத்து. மூட்டு வலி உள்ளவர்கள் கீழே குடைவரையிலேயே இருந்துவிடலாம்.

கலங்கரை விளக்கத்தில் ஏறத் தனி டிக்கெட், தனி நேரம். அதிகாலையில் திறந்திருக்காது.

8. இறங்கி வரும் வழி: கிருஷ்ண மண்டபம், பஞ்சபாண்டவர் மண்டபம்

சாலைக்கு இறங்கி வடக்கே திரும்பினால், அர்ஜுனன் தபசு போலவே இன்னொரு பாறையில் தொடங்கி முடிக்காமல் விட்ட சிற்பம் வரும். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் கடந்து போகிறார்கள். அடுத்தது கிருஷ்ண மண்டபம். கோவர்த்தன மலையைக் கையில் தாங்கும் கண்ணன், பக்கத்தில் பால் கறக்கும் ஆயர், கன்றை நக்கும் பசு. பல்லவர் காலச் சிற்பத்துக்கு முன்னால் மண்டபம் மட்டும் விஜயநகர காலத்தில் கட்டப்பட்டது. அதற்கடுத்து முடிவடையாத பஞ்சபாண்டவர் மண்டபம். ஒட்டியே அர்ஜுனன் தபசு. சுற்று முடிந்தது.

பாறை எப்படி உருண்டை ஆனது?

வெண்ணெய் உருண்டையை யாரும் உருட்டிக்கொண்டு வந்து வைக்கவில்லை. இருந்த இடத்திலேயே உருவான பாறை அது.

ஊர் வழக்கில் கருங்கல். கிரானைட், அதற்கு நெருங்கிய உறவான நைஸ், சார்னோக்கைட் வகைப் பாறைகள் இந்தப் பகுதியில் உள்ளன. 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. பூமிக்கு அடியில் ஆழத்தில் உருவான இந்தப் பாறை, மேலே இருந்த அடுக்குகள் அரித்துப் போனதும் அழுத்தம் குறைந்து விரிசல் விட்டது. விரிசல்களில் தண்ணீர் இறங்கியது. கட்டம் கட்டமாகப் பிரிந்த பாறையின் மூலைகளை மூன்று பக்கத்திலிருந்தும், விளிம்புகளை இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் அரிக்கும். அதனால் மூலைகள்தான் முதலில் மழுங்கும். செவ்வகக் கல் மெல்ல உருண்டையாகும். சுற்றியிருந்த மண்ணும் சிதைந்த கல்லும் மழையில் போய்விட, உருண்டை மட்டும் மிச்சம்.

குன்றில் நடக்கும்போது காலடியைக் கவனித்தால், வெங்காயத் தோல் போலப் பாறை ஏடு ஏடாக உரிந்திருப்பது சில இடங்களில் தெரியும். அதுவும் அதே வேலைதான்.

சரி, ஏன் உருளவில்லை? வெளியே பார்க்க உருண்டையாக இருந்தாலும் அது தரையில் உட்காரும் பகுதி தட்டையானது. பாறையின் மொத்த எடையும் அந்தத் தட்டையான பகுதிக்குள்ளேயே இறங்குகிறது. இரண்டு கற்களுக்கும் இடையிலான உராய்வு மீதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

பாறைகளில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருப்பதையும் பார்க்கலாம். கல்லைப் பிளக்க வெட்டிய ஆப்புக் குழிகள் அவை. வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு வைத்து அடித்தால் கல் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். ஆப்பு வைத்துப் பிளக்கும் அந்தத் தொழில்நுட்பம் இன்றும் கல்வேலை செய்பவர்களிடம் இருக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நடை முடிந்து தெருவுக்கு வந்தால் உளிச்சத்தம் கேட்கும்.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

- ஒருவருக்குக் குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர். குன்றின் மேல் கடை இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.
- ரப்பர் அடிப்பாகம் கொண்ட, பிடிமானம் உள்ள ஷூ அல்லது பின்வார் உள்ள செருப்பு. ஹவாய் செருப்பு, ஹீல்ஸ் வேண்டாம். தேய்ந்துபோன பழைய ஷூவும் வேண்டாம்.
- தொப்பி, பருத்தி உடை. குடையும் ஓகே, ஆனால் குன்றின் மேல் காற்று பலமாக இருக்கும்.
- ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்று, பேண்ட்-எய்ட் இரண்டு.
- தின்பண்டங்களைக் கையில் ஏந்திப் போகாமல் பைக்குள் வைக்கவும். குரங்குகள் வந்தால் பையோடு பிடுங்கும்.
- இரண்டு கைகளும் காலியாக இருக்கும்படி முதுகுப்பை.

டிக்கெட் எப்படி?

கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பகுதி ஆகியவற்றுக்குத் தொல்லியல் துறையின் கட்டணம் உண்டு. இந்தியர்களுக்கு 40 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆன்லைனிலும் எடுக்கலாம். ஒரே டிக்கெட்டை அதே நாளில் மற்ற இடங்களிலும் காட்டலாம் என்பதால், குன்று நடை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. சாலையோரத்தில் இருக்கும் அர்ஜுனன் தபசைப் பார்க்க டிக்கெட் தேவையில்லை.

எப்படிப் போவது?

மாமல்லபுரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. ரயிலில் வருபவர்கள் செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வரலாம். சென்னையிலிருந்து பேருந்துகள் உண்டு. கிழக்கு கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகும் பேருந்துகள் பல, ஊருக்குள் வராமல் வெளியே சாலைச் சந்திப்பிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்து அர்ஜுனன் தபசு நடக்கும் தூரம்தான்.

அதிகாலை 6 மணிக்கே நடக்க வேண்டும் என்றால், முந்தைய இரவே வந்து தங்குவது வசதி. சொந்த வாகனத்தில் வந்தால் வாகன நுழைவுக் கட்டணம் கேட்பார்கள். ரசீது வாங்கிக்கொள்ளவும்.

யாரெல்லாம் போகலாம்? யார் தவிர்க்கலாம்?

நல்ல உடல்நிலையில் இருக்கும் யாரும் போகலாம். ஐந்து வயதுக் குழந்தையும் நடந்துவிடும். கைக்குழந்தை என்றால் ஸ்ட்ரோலர் உதவாது, உடம்போடு கட்டிக்கொள்ளும் கேரியர்தான் சரி.

சக்கர நாற்காலியில் வருபவர்கள், முழங்கால் அறுவை சிகிச்சை செய்தவர்கள், இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் குன்றின் மேல் ஏற வேண்டியதில்லை. அர்ஜுனன் தபசு, பஞ்சபாண்டவர் மண்டபம், கிருஷ்ண மண்டபம் மூன்றும் சாலையை ஒட்டியே இருக்கின்றன. பெரிய ஏற்றம் இல்லாமல் பார்த்துவிடலாம். குடும்பத்தில் சிலர் மேலே போகும்போது, மற்றவர்கள் கிருஷ்ண மண்டபத்தின் நிழலில் காத்திருக்கலாம். எல்லோரும் கடைசியில் அங்கேதான் வந்து சேரப் போகிறார்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

தலைசுற்றல், குமட்டல், கடும் தலைவலி வந்தால் "இன்னும் ஒரு இடம்தானே" என்று தொடர வேண்டாம். பக்கத்தில் உள்ள குடைவரை நிழலில் உட்கார வைத்து, துணியை நனைத்துக் கழுத்து, அக்குள் பகுதியில் வைக்கவும். ஓஆர்எஸ் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவும். பேச்சு குழறினாலோ, மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 108க்கு அழைக்க வேண்டும். எந்தச் சின்னத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று பெயரைச் சொன்னால் ஆம்புலன்ஸ் வருவது எளிது.

வழுக்கி விழுந்து காலை ஊன்ற முடியாவிட்டால், தூக்கி நிறுத்தி நடக்க வைக்க முயல வேண்டாம். காவலரை அழைக்கவும். இடி மின்னல் தொடங்கினால் திறந்த பாறை உச்சியை விட்டு உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.

என்னென்ன செய்யக் கூடாது?

பாறையில் பெயர் கீறுவது பெரிய குற்றம். 1958ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள் சட்டம், 2010 திருத்தத்துக்குப் பிறகு, சின்னங்களைச் சேதப்படுத்துபவர்களுக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க வழி செய்கிறது. 1,300 ஆண்டுகளாக உப்புக் காற்றுக்குத் தாக்குப்பிடித்த சிற்பத்தை ஒரு சாவிக்கொத்து ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடும்.

சிற்பங்களைத் தொட்டுப் பார்ப்பதையும் தவிர்க்கலாம். ஆயிரக்கணக்கான கைகள் பட்டால் கல்லும் தேயும். அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிட முடியாது. பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்பக் கீழே கொண்டுவந்து குப்பைத்தொட்டியில் போடவும்.

நடை முடிந்ததும் கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். மாமல்லபுரம் கடற்கரையில் அலையின் இழுப்பு அதிகம். குளிக்க இறங்கி உயிரிழந்தவர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. களைத்த கால்களோடு இறங்குவது இன்னும் ஆபத்து. கரையில் நின்று காற்று வாங்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைடு கட்டாயமா?
வழிக்குத் தேவையில்லை. குன்றின் எந்த இடத்திலிருந்து பார்த்தாலும் கலங்கரை விளக்கம் தெற்கைக் காட்டிவிடும். சிற்பங்களின் கதை விளக்கமாக வேண்டும் என்றால் அடையாள அட்டை உள்ள கைடை அமர்த்திக்கொண்டு, கட்டணத்தை முதலிலேயே பேசிவிடவும்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?
அர்ஜுனன் தபசு, கணேச ரதம், வெண்ணெய் உருண்டை, வராக மண்டபம். இந்த நான்கும் அருகருகே உள்ளன. தெற்குப் பகுதியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதத்தையும் அதே நாளில் பார்க்க முடியுமா?
முடியும். காலையில் குன்று, டிபன் முடித்து 9.30க்கு ஐந்து ரதம், அறையில் ஓய்வு, மாலை 4.30க்கு மேல் கடற்கரைக் கோயில். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மதியத்துக்குள் முடிக்க நினைத்தால்தான் சிக்கல்.

மழை பெய்து நின்றுவிட்டது. போகலாமா?
பாறை முழுதாகக் காயும் வரை மேலே வேண்டாம். பாசி படிந்த இடங்கள் வெளியே தெரியாது. அதுவரை சாலையோரச் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.